வண்டூரில் மாலை 5 மணிக்கே இருட்டுகிறது. உங்கள் அறையில் எத்தனை மணிக்கு?

நவம்பர் மாதம் ஒருநாள் சென்னையில் விமானம் ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டேகால் மணி நேரத்தில் போர்ட் பிளேர் (2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம்). அங்கிருந்து காரில் ஒரு மணி நேரம் போனால் வண்டூர். தெற்கு அந்தமானின் மேற்குக் கரையில் இருக்கும் சின்ன ஊர். 1983-ல் அமைக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுக்கு இதுதான் வாசல். ஜாலி பாய், ரெட் ஸ்கின் தீவுகளுக்குப் படகு இங்கிருந்துதான் கிளம்பும்.

ரூமில் பையைப் போட்டுவிட்டு, ஒரு குளியல், ஒரு டீ. "சரி, சன்செட் பார்த்துட்டு வரலாம்" என்று ஐந்தரை மணிக்குக் கடற்கரைக்கு நடந்தால் சூரியனைக் காணோம். ஐந்து மணிக்கு முன்பே போய்விட்டது! முதலை எச்சரிக்கைப் பலகையைக்கூட போன் டார்ச் அடித்துத்தான் படிக்க வேண்டும்.

போனில் நேரம் மாறவில்லை. சென்னையில் என்ன மணியோ, இங்கேயும் அதே மணி. ஆனால் இரவு ஒன்பது மணிக்குக் கொட்டாவி வருகிறது. வேளச்சேரியிலோ பெங்களூரு மாரத்தஹள்ளியிலோ இருந்தால் ஒரு மணி வரை முழித்துக்கொண்டிருக்கும் அதே நீங்கள், மறுநாள் காலை ஐந்தரைக்கு அலாரம் இல்லாமல் எழுந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். "காத்து நல்லா இருக்குப்பா, அதான்" என்று நண்பருக்கு மெசேஜ் போடுவீர்கள்.

காற்றுக்கும் லீவுக்கும் இதில் பங்கு இருக்கலாம். ஆனால் பெரிய பங்கு வெளிச்சத்துடையது. டயட், ஜிம், எட்டு மணி நேரத் தூக்கம் என்று நாம் தனித்தனியாகப் பேசுகிற 'பேலன்ஸ்டு லைஃப்' சமாச்சாரங்களை எல்லாம் ஒரே கயிற்றில் கட்டுவதும் அதுதான்.

ஒரே கடிகாரம், வேறு சூரியன்

இந்திய நேரம் கணக்கிடப்படுவது உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூர் பக்கமாகப் போகும் 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்து. போர்ட் பிளேர் இருப்பது சுமார் 92.7 டிகிரியில். பூமி ஒரு டிகிரி சுழல நான்கு நிமிடம் ஆகும். பத்து டிகிரிக்கு நாற்பது நிமிடம். சென்னை இந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் மேற்கே இருப்பதால், சென்னைக்கும் அந்தமானுக்கும் சூரியக் கணக்கில் கிட்டத்தட்ட 50 நிமிட வித்தியாசம். நாட்டுக்கு ஒரே நேரம் என்பது 1906-ல் வந்தது. அதற்கு முன் மெட்ராஸுக்கு ஒரு நேரம், போர்ட் பிளேருக்கு ஒரு நேரம் என்றுதான் இருந்தது.

அசாம் தேயிலைத் தோட்டங்களில் இன்றும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்து வேலை பார்க்கிறார்கள். 'பாகான் டைம்' என்று பெயர். 2018-ல் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் விஞ்ஞானிகள், வடகிழக்கு மாநிலங்களுக்கும் அந்தமான் நிக்கோபாருக்கும் தனி நேர மண்டலம் வேண்டும் என்று ஒரு திட்டமே எழுதிக் கொடுத்தார்கள். மத்திய அரசு அதை ஏற்கவில்லை.

சரி, அந்தமானில் சீக்கிரம் இருட்டுவது அந்த ஊர்க்காரர்கள் பிரச்சினை, நமக்கென்ன என்று கேட்கலாம். பொருளாதார ஆய்வாளர் மௌலிக் ஜக்னானி இதே விஷயத்தைத் தலைகீழாகப் பார்த்தார். நாட்டின் மேற்கே போகப் போகச் சூரியன் தாமதமாக மறைகிறது. பள்ளி மணி மட்டும் எல்லா ஊரிலும் ஏறக்குறைய அதே நேரத்துக்கு அடிக்கிறது. அப்போது பிள்ளைகள் என்ன ஆகிறார்கள்? சூரியன் மறைவது ஒரு மணி நேரம் தள்ளிப்போனால் அவர்களின் தூக்கம் ஏறத்தாழ அரை மணி நேரம் குறைகிறது என்று கண்டுபிடித்தார். தாமதமாகத் தூங்கிய பிள்ளை தாமதமாக எழ முடியாது, அவ்வளவுதான் விஷயம். படிக்கும் ஆண்டுகளின் எண்ணிக்கை வரை இதன் பாதிப்பு தெரிகிறது என்கிறது அவரது ஆய்வு.

இப்போது உங்கள் அறையைப் பாருங்கள். ட்யூப்லைட், லேப்டாப், டிவி, கையில் போன். உங்கள் மூளையைப் பொறுத்தவரை அந்த அறையில் சூரியன் மறைவது இரவு 12.30-க்கோ 1 மணிக்கோ. ஆனால் ஸ்டாண்ட்-அப் மீட்டிங் காலை 9.30-க்கு. மேற்குக் கோடியில் இருக்கும் அந்தப் பிள்ளையின் நிலைமைதான் உங்களுக்கும், இன்னும் மோசமாக.

தொட்டாற்சிணுங்கி சொன்ன ரகசியம்

1729-ல் பிரெஞ்சு வானியலாளர் தெ மெய்ரான் ஒரு தொட்டாற்சிணுங்கி வகைச் செடியை எடுத்து இருட்டுக்குள் பூட்டி வைத்தார். பகலில் இலை விரிவதும் இரவில் மூடுவதும் வெயில் இல்லாமலேயே தொடர்ந்தது. உயிருக்கு உள்ளேயே ஒரு கடிகாரம் இருக்கிறது என்பதற்குக் கிடைத்த முதல் தடயம் அது. அந்தக் கடிகாரம் மரபணு அளவில் எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களில் கண்டுபிடித்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது.

மனிதர்களில் தலைமைக் கடிகாரம் மூளையில் ஹைப்போதலாமஸ் பகுதியில் இருக்கும் சுமார் 20,000 நியூரான்கள் கொண்ட ஒரு சின்னக் கொத்து. கண்ணிலிருந்து வெளிச்சத் தகவல் நேராக அங்கே போகிறது. கல்லீரல், கணையம், தசை என ஒவ்வொன்றிலும் துணைக் கடிகாரங்கள் உண்டு. எப்போது இன்சுலின் சுரக்க வேண்டும், எப்போது உடல் சூடு இறங்க வேண்டும், எப்போது மெலடோனின் ஏற வேண்டும் எல்லாமே இந்தக் கூட்டணியின் வேலை.

இதில் ஒரு சின்னக் குறும்பு இருக்கிறது. மனித உடல் கடிகாரத்தின் ஒரு நாள் சரியாக 24 மணி நேரம் இல்லை. சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சுமார் 10 நிமிடம் அதிகம். அதாவது நம்ம உடம்பு இயல்பாகவே லேட் பார்ட்டி. தினமும் காலை வெளிச்சம்தான் அதைப் பிடித்து இழுத்துச் சரியான நேரத்தில் நிறுத்துகிறது. அந்த இழுப்பு இல்லாவிட்டால் தூங்கும் நேரம் கொஞ்சம் கொஞ்சமாக நழுவிக்கொண்டே போகும். "எப்படியோ தெரியல, பதினொண்ணு ஒண்ணாயிடுச்சு" என்று நாம் சொல்வது இதைத்தான்.

எல்லாரும் போனைத் திட்டுகிறார்கள், பகலை யாரும் கேட்பதில்லை

2013-ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் கென்னத் ரைட் குழுவினர் எட்டுப் பேரை ஒரு வாரம் மலையில் கூடாரம் போட்டுத் தங்க வைத்தார்கள். போன் கிடையாது, டார்ச் கிடையாது. இரவில் கணப்புத் தீ மட்டும். ஒரு வாரத்தில் அவர்களின் மெலடோனின் ஏறும் நேரம் சுமார் இரண்டு மணி நேரம் முன்னுக்கு வந்துவிட்டது. 'நான் பிறவி இராக்கோழி' என்கிற ஆட்களின் கடிகாரம்தான் அதிகமாக நகர்ந்தது. எட்டே பேர் என்பதால் சின்ன ஆய்வுதான். ஆனால் வண்டூரில் உங்களுக்கு நடந்தது கிட்டத்தட்ட இதே சமாச்சாரம்.

இந்த ஆய்வில் பலரும் கவனிக்காமல் விடுவது ஒன்று. இரவு வெளிச்சம் குறைந்தது மட்டும் காரணமல்ல. பகலில் அவர்கள் மீது விழுந்த வெளிச்சம் வழக்கத்தைவிட நான்கு மடங்கு அதிகம். ஓர் அலுவலக அறையில் வெளிச்சம் 300 முதல் 500 லக்ஸ் இருக்கும். மேகம் மூடிய நாளில்கூட வெளியே பல ஆயிரம் லக்ஸ். நல்ல வெயிலில் ஒரு லட்சம் வரை போகும். வீட்டிலிருந்து கேப், கேபிலிருந்து பேஸ்மென்ட் பார்க்கிங், அங்கிருந்து லிஃப்ட், ஏசி ஃப்ளோர் என்று போகிறவரின் மூளைக்குப் பகல் என்று ஒன்று வந்ததாகவே தெரியாது. ராத்திரி போன் வெளிச்சம் அவ்வளவு உறைப்பதற்குக் காரணமும் இந்த மங்கல் பகல்தான்.

அதனால் 'நைட் மோட்' போடுவதைவிட முதலில் செய்ய வேண்டியது, எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் 20 நிமிடமாவது வெளியே இருப்பது. மொட்டை மாடியில் காபி டம்ளரோடு நின்றாலும் போதும். சூரியனை நேராகப் பார்க்கத் தேவையில்லை, பார்க்கவும் கூடாது. ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் உட்காருவது இதற்கு ஈடாகாது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வெளிச்சம் சட்டென்று குறைந்துவிடும்.

காபி என்றதும் ஞாபகம் வருகிறது. காஃபீன் உடலில் பாதியாகக் குறையவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபீன் எடுத்தவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்தது என்று 2013-ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. 400 மில்லிகிராம் பெரிய டோஸ், நாலு டம்ளர் காபி அளவு என்று வைத்துக்கொள்ளலாம். மாலை ஒரு ஃபில்டர் காபிக்கு அவ்வளவு பாதிப்பு இராது. ஆனால் "எனக்கு காபி குடிச்சாலும் தூக்கம் வரும்" என்று சொல்கிறவருக்குத் தூக்கம் வருவதும், அந்தத் தூக்கம் ஆழமாக இருப்பதும் ஒன்றல்ல.

சரி, இதுக்கும் என் சுகருக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. ஐசிஎம்ஆர் நிதியுதவியில் நடந்து 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10.1 கோடி பேர். அதற்கு முந்தைய கட்டத்தில் இன்னும் 13.6 கோடி பேர். தமிழ்நாட்டில் நீரிழிவு விகிதம் 14.4 சதவீதம். ஏழு பேரில் ஒருவர்.

இதை இனிப்போடும் சோறோடும் மட்டும் முடிச்சுப் போடுவதுதான் நம் வழக்கம். 1999-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் தூங்க விட்டார்கள். ஒரே வாரத்தில் அவர்களின் உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் சரிந்தது. நீரிழிவின் ஆரம்பக் கட்டம் போல அந்தப் பரிசோதனை முடிவுகள் இருந்தன. ரிலீஸ் வாரத்தில் நீங்கள் தூங்குவது எவ்வளவு நேரம் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

நேரம் தவறிச் சாப்பிடுவதும் இதே கணக்கில் வரும். 2021-ல் வெளியான ஒரு பரிசோதனையில் 19 பேரை ஆய்வகத்தில் நைட் ஷிஃப்ட் போல முழித்திருக்க வைத்தார்கள். நள்ளிரவில் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை ஏறியது. அதே ஷிஃப்டில் பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு ஏறவில்லை. இராத்திரி ஒரு மணிக்கு டெலிவரி ஆகும் பிரியாணியின் பிரச்சினை அதன் எண்ணெய் மட்டுமல்ல, அந்த நேரத்தில் கணையம் ஷட்டரை இறக்கிவிட்டிருக்கும்.

ஜிம் போக நேரமில்லை என்பவர்களுக்கு

2024-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த உலகளாவிய மதிப்பீடு, இந்தியாவில் வயதுவந்தோரில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குப் போதிய உடல் உழைப்பு இல்லை என்றது. 2000-ல் இது 22 சதவீதமாக இருந்தது. பெண்களில் 57 சதவீதம், ஆண்களில் 42 சதவீதம். பெண்களின் எண்ணிக்கை ஏன் அதிகம் என்பதற்குத் தனிக் கட்டுரையே வேண்டும். வேலை முடிந்து வந்தால் ஒருவருக்கு வாக்கிங், இன்னொருவருக்குக் கிச்சன் என்றிருக்கும் வீட்டில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை.

உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி. இரண்டு நாள் தசைக்கு வலு சேர்க்கும் பயிற்சி. மிதமானது என்றால், நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. தினமும் 10,000 அடி என்ற எண், 1960-களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு பெடோமீட்டரின் பெயரிலிருந்து வந்தது. 7,000 அடிகளிலேயே பெரும்பாலான பலன் கிடைத்துவிடுகிறது என்கிறது 2025-ல் வந்த தொகுப்பாய்வு.

வார நாள்களில் ஒன்றும் முடியவில்லை, சனி ஞாயிறு மட்டும்தான் ஷட்டில் ஆடுகிறேன் என்பவர்களுக்கும் நல்ல செய்தி உண்டு. 2023-ல் பிரிட்டனில் சுமார் 90,000 பேரின் கைப்பட்டைத் தரவுகளை ஆராய்ந்ததில், 150 நிமிடத்தை இரண்டு நாளில் முடித்தவர்களுக்கும் வாரம் முழுக்கப் பிரித்துச் செய்தவர்களுக்கும் இதய நோய் ஆபத்து ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்திருந்தது. குற்ற உணர்ச்சி வேண்டாம். ஆனால் ஒரே ஒரு பழக்கம்தான் சேர்த்துக்கொள்ள முடியும் என்றால், என் ஓட்டு காலை வெளிச்சத்தில் நடக்கும் அரை மணி நேரத்துக்கு. ஒரே செலவில் கடிகாரமும் சரியாகிறது, காலும் அசைகிறது. இரண்டாவது ஓட்டு, சாப்பிட்டவுடன் பத்து நிமிட நடை. சர்க்கரை உச்சிக்கு ஏறுவதை அது மட்டுப்படுத்தும்.

சனிக்கிழமை தூங்கிச் சரிக்கட்டலாமா?

ஜெர்மன் ஆய்வாளர் டில் ரோன்னபெர்க் இதற்கு 'சோஷியல் ஜெட்லேக்' என்று பெயர் வைத்தார். வார நாளில் 1 மணியிலிருந்து 7 மணி வரை தூக்கம், வார இறுதியில் 3 மணியிலிருந்து 11 மணி வரை என்றால், தூக்கத்தின் நடுப்புள்ளி அதிகாலை 4 மணியிலிருந்து 7 மணிக்கு நகர்கிறது. மூன்று மணி நேர வித்தியாசம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வெளிநாட்டுக்குப் பறந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் திரும்பி வருவது போல. பாஸ்போர்ட்டில் மட்டும் முத்திரை இருக்காது.

எத்தனை மணி நேரம் என்பதைவிட எவ்வளவு ஒழுங்காக என்பது முக்கியமாக இருக்கலாம் என்பது சமீபத்திய சேதி. பிரிட்டனில் சுமார் 60,000 பேரைப் பின்தொடர்ந்து 2024-ல் வெளியான ஆய்வில், அகால மரண ஆபத்தைக் கணிப்பதில் தூங்கிய நேரத்தின் அளவைவிடத் தூக்கத்தின் ஒழுங்கு வலுவான குறியீடாக இருந்தது. தூக்கக் கடனை அடைக்க வார இறுதியில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்குங்கள், தப்பில்லை. நான்கு மணி நேரம் வேண்டாம்.

யுஎஸ் ஷிஃப்டில் இருப்பவர்களுக்கு மேலே சொன்னதெல்லாம் எரிச்சலாக இருக்கும், நியாயம்தான். நைட் ஷிஃப்டை 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2007-லேயே வைத்தது, 2019-ல் மறுபடியும் உறுதி செய்தது. முழுத் தீர்வு தனிநபர் கையில் இல்லை. குறைக்க வழி உண்டு. வேலை நாளோ லீவு நாளோ, எல்லா நாளும் பொதுவாக வரும்படி ஒரு நாலு மணி நேரத் தூக்கத்தை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். உதாரணமாகக் காலை 6 முதல் 10 வரை. விடிந்தபின் வீடு திரும்பினால் கேபில் கூலிங் கிளாஸ் போடுங்கள். படுக்கும் அறைக்குக் கனமான திரை. நள்ளிரவுச் சாப்பாட்டை முடிந்தவரை சின்னதாக. நீங்களே பைக் ஓட்டித் திரும்புகிறவர் என்றால், கிளம்பும் முன் இருபது நிமிடக் கண் அயர்வு உயிரைக் காப்பாற்றும்.

வாரத்துக்கு இத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும் என்று பெரிய நிறுவனத் தலைவர்கள் அவ்வப்போது சொல்வதும், ஃபீட் முழுக்க இரண்டு நாள் சண்டை நடப்பதும் உங்களுக்குத் தெரியும். 70 மணி நேரம், 90 மணி நேரம். இதில் கருத்தைத் தாண்டி ஒரு தரவு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் வெளியிட்ட மதிப்பீட்டில், வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம், இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். ஒப்பீடு 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களோடு. அப்ரைசலில் இது வராது.

வாரத்தில் மூன்று இரவுகளுக்கு மேல் தூக்கம் வராமல் மூன்று மாதம் ஓடிவிட்டதா? பலத்த குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவதாக வீட்டில் சொல்கிறார்களா? எட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் கண் சொருகுகிறதா? இவை பழக்கத்தால் சரியாகும் விஷயங்கள் அல்ல, மருத்துவரைப் பாருங்கள். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரை அல்ல, தூக்கத்துக்கென்றே வடிவமைக்கப்பட்ட நடத்தைச் சிகிச்சை. மெலடோனின் மாத்திரையை நீங்களே ஆர்டர் போட்டு விழுங்க வேண்டாம்.

வண்டூரும் சொர்க்கமில்லை. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடி இணையக் கேபிள் வந்த பிறகு, அங்கேயும் லேப்டாப்பை விரித்துவைத்து வேலை பார்க்கலாம், ராத்திரி ஒரு மணி வரை ரீல்ஸும் பார்க்கலாம். வெளியே ஐந்து மணிக்கு இருட்டிய ஊரில், அறைக்குள் விளக்கு அணையாமல் இருந்தால் அங்கே போயும் பிரயோஜனம் இல்லை.

ஊர் திரும்பிய முதல் இரண்டு மூன்று நாள்கள் உங்கள் உடம்பு பழக்கத்தில் சீக்கிரமே முழித்துக்கொள்ளும். நவம்பர் என்றால் சென்னையில் சூரியன் காலை ஆறு மணி வாக்கில்தான் வரும். திரையை இழுத்து மூடிக்கொண்டு "இன்னும் நேரமிருக்கே" என்று போனை எடுக்காதீர்கள். செருப்பை மாட்டிக்கொண்டு மாடிக்குப் போங்கள். போன் சார்ஜிலேயே இருக்கட்டும்.